கரண்ட் போனால் முதலில் எங்கே பார்ப்பது? த்ரீ ஃபேஸ் பட்டறை, கடைகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

லேத் பட்டறை, மாவு மில், பேக்கரி, அச்சகம், சூப்பர் மார்க்கெட் என்று தமிழ்நாட்டில் த்ரீ ஃபேஸ் இணைப்போடு ஓடும் சிறு தொழில்களுக்காக எழுதியது இது. ஒரு டீசல் ஜெனரேட்டர், ஒரு இன்வெர்ட்டர், பில் போடும் இடத்தில் ஒரு யூ.பி.எஸ். இருப்பதாக வைத்துக்கொள்கிறோம். உங்கள் இடத்தில் தெரியும் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போங்கள். காரணங்கள் செலவில்லாததிலிருந்து செலவு அதிகமானது வரை வரிசையாக இருக்கின்றன.

போர்டுக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்க வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர், முடிந்தால் ஒரு கிளாம்ப் மீட்டர் (ஒயரைச் சுற்றிக் கவ்வி ஆம்பியர் காட்டுவது), டார்ச், ரப்பர் பாய், மின் இணைப்பு எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டிய அட்டை. டெஸ்டரை மட்டும் நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். ஃபேஸ் போன லைனிலும் மோட்டார் காயில் வழியாகத் திரும்பி வரும் கரண்டில் டெஸ்டர் எரியும். "மூன்றிலும் எரியுது, ஈ.பி. சப்ளை சரியாத்தான் இருக்கு" என்று சொல்லி மோட்டாரை எரித்த இடங்கள் ஏராளம்.

மல்டிமீட்டரில் வோல்ட் பார்க்கும்போது சிவப்பு ஒயர் ஆம்பியர் ஓட்டையில் இருக்கக் கூடாது. இருந்தால் ஃபேஸையும் நியூட்ரலையும் நேராகச் சேர்த்தது போல ஆகி, கையிலேயே வெடிக்கும். ஏ.சி. 600 அல்லது 750 வோல்ட் ரேஞ்சில் வைத்து, எரிகிறது என்று தெரிந்த ஒரு பிளக்கில் முதலில் சோதித்துவிட்டுப் பிறகு போர்டுக்குப் போங்கள்.

## அறிகுறி: இடம் முழுக்க இருட்டு

வெளியே எட்டிப் பாருங்கள். பக்கத்துக் கடையிலும் இல்லை என்றால் அது லைன் கோளாறு அல்லது மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தம். நிறுத்த அறிவிப்பு முந்தைய நாளே நாளிதழில் வந்துவிடும். காலை 9 மணிக்கு ஆரம்பித்தால் மதியம் அல்லது மாலை வரை நீளும் என்று கணக்கிட்டு டீசல் வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு இல்லாமல் போயிருந்தால் மின்னகம் 94987 94987 எண்ணில் இணைப்பு எண்ணைச் சொல்லிப் புகார் பதியுங்கள்.

பக்கத்தில் எரிகிறது, உங்களிடம் மட்டும் இல்லை என்றால்:

முதலில் மீட்டரின் திரை. அதில் எழுத்தே இல்லை என்றால் மீட்டருக்கு முன்பே சப்ளை இல்லை. கம்பத்திலோ பில்லர் பாக்ஸிலோ உள்ள ஃபியூஸ், அல்லது சர்வீஸ் ஒயர். அதை லைன்மேன்தான் தொட வேண்டும். மீட்டர் சீலை உடைக்காதீர்கள்.

மீட்டர் திரை ஓடுகிறது என்றால் கோளாறு உங்கள் பக்கம். மெயின் ஸ்விட்ச், அதன் கேரியர் ஃபியூஸ் (கையால் பிடுங்கி மாட்டும் ஃபியூஸ்), மெயின் எம்.சி.பி. (லோடு ஏறினாலோ ஷார்ட் ஆனாலோ தானாக விழும் ஸ்விட்ச்), ஆர்.சி.சி.பி. (கரண்ட் பூமிக்குக் கசிந்தால் விழும் ஸ்விட்ச்), சேஞ்ச் ஓவர் (ஈ.பி.க்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றும் ஸ்விட்ச்) கைப்பிடி நடுவில் நிற்கிறதா என்று இதே வரிசையில் பாருங்கள். கைப்பிடி நடுவில் நின்றுபோவது நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது. ஜெனரேட்டரை நிறுத்தியவர் ஈ.பி. பக்கம் முழுதாகத் தள்ளாமல் போயிருப்பார்.

ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியருக்கான கம்பிதான் போட வேண்டும். தடித்த செம்புக் கம்பியை முறுக்கிப் போட்டால் அடுத்த முறை ஃபியூஸுக்குப் பதில் போர்டு எரியும். புதுக் கம்பியும் உடனே போனால் மூன்றாவது முறை போடாதீர்கள். ஒயர்மேனைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: சில விளக்கு எரிகிறது, சில எரியவில்லை, மோட்டார் முனகுகிறது

இந்த ஒரு அறிகுறிக்குத்தான் அதிகப் பணம் போகிறது. அதனால் இங்கே நிதானமாக.

உடனே எல்லா மோட்டாரையும், ஃப்ரீசரையும், ஏ.சி.யையும் நிறுத்துங்கள். அதன்பிறகு மெயினுக்கு வரும் பக்கத்தில் ஆறு அளவுகளை எடுத்து எழுதுங்கள் (ஆர், ஒய், பி என்பவை மூன்று ஃபேஸ்கள்): ஆர்–நியூட்ரல், ஒய்–நியூட்ரல், பி–நியூட்ரல், ஆர்–ஒய், ஒய்–பி, பி–ஆர். எல்லாம் சரியாக இருந்தால் முதல் மூன்றும் 230-ஐ ஒட்டி, அடுத்த மூன்றும் 400 முதல் 415 வரை வரும். கோளாறு எங்கே என்று இந்த ஆறு எண்களே காட்டிக்கொடுக்கும்.

### ஒரு ஃபேஸ் பூஜ்யத்தை ஒட்டி, மற்ற இரண்டும் 230

ஒரு ஃபேஸ் ஃபியூஸ் போயிருக்கிறது. உங்கள் மெயின் கேரியரா, கம்பத்து ஃபியூஸா என்று அறிய கேரியருக்கு மேலும் கீழும் அளந்து பாருங்கள். மேலே 230, கீழே இல்லை என்றால் உங்களுடையது. மேலேயே இல்லை என்றால் ஈ.பி. பக்கம்.

நேரடி ஸ்டார்ட்டர்கள் பலவற்றில் காயில் இரண்டு ஃபேஸுக்கு நடுவே இணைந்திருக்கும். மூன்றாவது ஃபேஸ் போனாலும் ஸ்டார்ட்டர் பிடிக்கும், மோட்டார் சுற்றாமல் உறுமும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபேஸ் போனால் மோட்டார் நிற்காமல் ஓடும். மிச்ச இரண்டு ஃபேஸில் ஆம்பியர் சுமார் ஒன்றே முக்கால் மடங்காக ஏறி வைண்டிங் கருகும். ஓவர்லோட் ரிலேயை (ஆம்பியர் ஏறினால் மோட்டாரை நிறுத்துவது) சரியான எண்ணில் வைத்திருந்தால் அது காப்பாற்றக்கூடும். மோட்டார் பாதி லோடில் ஓடினால் அதுவும் சந்தேகம். ஒரு மோட்டாரை மறுபடி வைண்டிங் செய்யும் கூலியோடு ஒப்பிட்டால் சிங்கிள் ஃபேஸ் தடுப்பு ரிலேயின் விலை ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு மோட்டார் ஸ்டார்ட்டரிலும் ஒன்று இருக்க வேண்டும்.

### ஒரு ஃபேஸ் 230, மற்ற இரண்டும் 115 அளவில்

அந்தக் குறைந்த இரண்டு ஃபேஸுக்கும் நடுவே அளந்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் வரும். டிரான்ஸ்பார்மரின் 11,000 வோல்ட் (ஹெச்.டி.) பக்கத்தில் ஒரு ஃபியூஸ் போயிருக்கிறது என்பதற்கான அடையாளம் இது. உங்கள் இடத்தில் எதைக் கழற்றினாலும் சரியாகாது. புகார் சொல்லும்போது "லோ வோல்டேஜ்" என்று மட்டும் சொல்லாமல் "இரண்டு ஃபேஸில் பாதி வோல்டேஜ், ஹெச்.டி. ஃபியூஸ் போல இருக்கு" என்று சொல்லுங்கள். லைன்மேன் நேராக டிரான்ஸ்பார்மருக்குப் போவார், ஒரு நடை மிச்சம்.

அதுவரை ஃப்ரீசர், ஃபிரிட்ஜ் பிளக்குகளைப் பிடுங்கியே வையுங்கள். 115 வோல்ட்டில் கம்ப்ரஸர் கிளம்பாமல் முக்கி முக்கிச் சூடாகி எரிந்துவிடும்.

### ஒரு ஃபேஸில் 150, இன்னொன்றில் 300. ஆனால் ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் 400 சரியாக இருக்கிறது

நியூட்ரல் அறுந்திருக்கிறது அல்லது தளர்ந்திருக்கிறது. அளந்துகொண்டிருக்காமல் அந்த நொடியே மெயினை இறக்குங்கள். ஒரு பல்பு மங்கி இன்னொரு பல்பு கண்ணைப் பறிப்பது, ஃபேன் திடீரென்று வேகமாகச் சுற்றுவது, சார்ஜரில் புகை, இவையெல்லாம் இதன் முன்னறிவிப்பு. லோடை மாற்றினால் எண்களும் மாறும். ஒரு மெஷினை நிறுத்தினால் ஒரு ஃபேஸ் இன்னும் ஏறும். அதனால் "ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்போம்" என்பது இங்கே ஆபத்து.

மெயினை இறக்கிய பிறகு பாருங்கள்: மெயின் ஸ்விட்சின் நியூட்ரல் கட்டை, சேஞ்ச் ஓவரின் நான்காவது முனை, டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸின் நியூட்ரல் பார். நிறம் மாறிய ஒயர், உருகிய இன்சுலேஷன், கையால் இழுத்தால் வரும் லக் (ஒயர் நுனியில் உள்ள உலோக முனை) தெரிந்தால் காரணம் அதுதான். உங்கள் பக்கம் எல்லாம் இறுக்கமாக இருந்தும் இப்படி வந்தால் கம்பத்தில் உள்ள நியூட்ரல் ஜாயிண்ட்; லைன்மேன் சரிசெய்து, நீங்கள் மறுபடி அளந்து மூன்று ஃபேஸும் சமமாக வரும்வரை ஒரு பல்புகூடப் போடாதீர்கள். எர்த் ஒயரை நியூட்ரலாக மாட்டி "தற்காலிகமாக" ஓட்டுவது மட்டும் கூடவே கூடாது. மெஷினின் உடம்பு முழுக்க கரண்ட் வரும்.

### மூன்றும் சமமாக, ஆனால் 190 அல்லது அதற்கும் கீழ்

லோடு ஓடும்போது மெயினிலும், தூரத்தில் உள்ள மெஷினிலும் அளந்து பாருங்கள். மெயினிலேயே குறைவு என்றால் டிரான்ஸ்பார்மர் அல்லது லைன் லோடு. தினம் எந்த நேரத்தில் எவ்வளவு என்று ஒரு வாரம் குறித்துவைத்து எழுத்தில் புகார் கொடுங்கள். மெயினில் 225, மெஷினில் 200 என்றால் உங்கள் ஒயர் மெலிது அல்லது நடுவில் ஒரு ஜாயிண்ட் சூடாகிறது. இந்த இரண்டாவது வகைக்கு ஸ்டெபிலைசர் வாங்கிவைப்பது வீண் செலவு. குறைந்த வோல்டேஜில் அது இன்னும் அதிக ஆம்பியர் இழுத்து அதே ஜாயிண்டை மேலும் சூடாக்கும்.

## அறிகுறி: கரண்ட் வந்துவிட்டது, மெஷின் ஓடவில்லை

ஸ்டார்ட்டர் உள்ள மோட்டார் கரண்ட் திரும்பியதும் தானாக ஓடாது. அது கோளாறில்லை, பாதுகாப்பு. பச்சைப் பட்டனை அழுத்துங்கள். பிடிக்கவில்லை என்றால் ஓவர்லோட் ரிலேயின் ரீசெட் பட்டன். ரீசெட் செய்தும் ஐந்து பத்து நிமிடத்தில் மறுபடி விழுந்தால் ரிலேயின் எண்ணை ஏற்றாதீர்கள். மூன்று ஃபேஸிலும் கிளாம்ப் மீட்டர் போட்டு ஆம்பியர் பாருங்கள். 5 ஹெச்.பி. மோட்டார் முழு லோடில் 7 முதல் 7.5 ஆம்பியர் எடுக்கும். ரிலேயும் அங்கேதான் நிற்க வேண்டும். ஸ்டார்–டெல்டா ஸ்டார்ட்டரில் மட்டும் கணக்கு வேறு: ரிலே பெரும்பாலும் மோட்டார் காயிலுக்கு நேரில் இருப்பதால் பெயர்ப்பலகை ஆம்பியரில் 0.58 பங்கு வைக்க வேண்டும். 15 ஆம்பியர் மோட்டாருக்கு 8.7. இதைத் தெரியாமல் 15-இல் வைத்திருக்கும் ஸ்டார்ட்டர்கள் இருக்கின்றன. அங்கே ரிலே இருந்தும் இல்லாதது போலத்தான்.

மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறதா? லைனிலோ டிரான்ஸ்பார்மரிலோ வேலை நடந்த பிறகு ஃபேஸ் வரிசை மாறியிருக்கும். பெரிய வேலை நடந்து கரண்ட் வந்த நாளில், பம்ப், ஸ்க்ரூ கம்ப்ரஸர், மாவு மில் எதையும் லோடோடு ஓட்டுவதற்கு முன் ஒரு நொடி தட்டிப் பார்த்துச் சுற்றும் திசையைக் கவனியுங்கள். மாறியிருந்தால் மெயினுக்குப் பிறகு ஏதாவது இரண்டு ஃபேஸை மாற்றிப் போட்டால் எல்லா மெஷினும் சரியாகும். ஆனால் சேஞ்ச் ஓவருக்கு முந்தைய ஈ.பி. பக்கத்தில் மாற்ற வேண்டும். பிந்தைய பக்கத்தில் மாற்றினால் அடுத்த முறை ஜெனரேட்டரில் தலைகீழாக ஓடும்.

ஃப்ரீசர், ஏ.சி. போன்றவற்றுக்குக் கரண்ட் வந்ததும் குறைந்தது மூன்று நிமிடம் விடுங்கள். கம்ப்ரஸருக்குள் அழுத்தம் சமமாகாமல் கிளப்பினால் இழுத்துப் பிடித்து நின்றுவிடும்.

## அறிகுறி: எம்.சி.பி. அல்லது ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது

எம்.சி.பி. போட்ட அந்த நொடியே விழுந்தால் ஷார்ட். கால் மணி நேரம் கழித்து விழுந்தால் லோடு அதிகம், அல்லது எம்.சி.பி.யின் திருகு தளர்ந்து அதுவே சூடாகிறது. மெயினை இறக்கித் திருகை இறுக்கிப் பாருங்கள். பாதிக் கோளாறு அதோடு போகும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்கு 16 அல்லது 20 ஆம்பியர் எம்.சி.பி.தான். "விழுந்துக்கிட்டே இருக்கு" என்று 32 போட்டால் இனி விழாது, சுவருக்குள் ஒயர்தான் வேகும்.

ஆர்.சி.சி.பி. விழுந்தால் எங்கோ கரண்ட் பூமிக்குக் கசிகிறது. எல்லா எம்.சி.பி.யையும் இறக்கி, ஆர்.சி.சி.பி.யைத் தூக்கி, எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக மேலே போடுங்கள். எதைப் போடும்போது விழுகிறதோ அந்த லைனில் உள்ள பிளக்குகளைப் பிடுங்கி மறுபடி பாருங்கள். மழைக்காலத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது வெளியே உள்ள பெயர்ப்பலகை விளக்கு, பிறகு ஈரத் தரையில் நிற்கும் ஃப்ரீசர், வாட்டர் ஹீட்டர்.

எல்லா எம்.சி.பி.யும் கீழே இருந்தும் ஆர்.சி.சி.பி. நிற்கவில்லையா? பலர் உடனே ஆர்.சி.சி.பி.யே கெட்டுவிட்டது என்று மாற்றிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். சாதாரண எம்.சி.பி. ஃபேஸை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் எங்காவது எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் எம்.சி.பி. இறங்கியிருந்தாலும் ஆர்.சி.சி.பி. விழும். எல்லாப் பிளக்குகளையும் உண்மையிலேயே பிடுங்கிவிட்டுப் பாருங்கள். அப்போதும் நிற்காவிட்டால் ஒயர்மேன் வந்து நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்வெர்ட்டர் மாட்டிய நாளிலிருந்து விழ ஆரம்பித்தது என்றால், இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரல் வேறொரு லைனின் நியூட்ரலோடு கலந்திருக்கிறது. மாட்டியவரையே கூப்பிட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி.யைச் சுற்றி நேர் இணைப்புக் கொடுத்துவிட்டுப் போக விடாதீர்கள்.

## அறிகுறி: ஜெனரேட்டர் கைவிடுகிறது

### செல்ஃப் சுற்றவில்லை, "டிக்" என்று மட்டும் சத்தம்

பேட்டரி முனைகளில் வெள்ளைப் பூப்பு இருந்தால் வெந்நீர் ஊற்றித் துடைத்து இறுக்குங்கள். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் இருக்க வேண்டும். ஸ்டார்ட் பட்டனை அழுத்தும்போது 9.5-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி. 10-க்கு மேல் நின்றும் சுற்றவில்லை என்றால் செல்ஃப் மோட்டார் அல்லது அதன் சோலனாய்டு, மெக்கானிக் வேலை. ஈ.பி. சப்ளையில் இயங்கும் சிறு சார்ஜர் ஒன்றைப் பேட்டரியில் நிரந்தரமாக மாட்டிவிட்டால் இந்தத் தலைப்புக்கே நீங்கள் வர வேண்டியிருக்காது.

### செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

சிவப்பு எமர்ஜென்சி பட்டன் அழுந்தியிருக்கிறதா, டீசல் இருக்கிறதா, டீசல் குழாய் திறந்திருக்கிறதா? டீசல் முழுக்கத் தீர்ந்து மறுபடி ஊற்றியிருந்தால் ஏர் லாக் (டீசல் குழாயில் காற்று அடைப்பு) நிச்சயம். ஃபில்டர் மேலுள்ள சிறு திருகைத் தளர்த்தி, கைப் பம்பை அடித்து, குமிழி இல்லாமல் டீசல் வரும்போது இறுக்குங்கள். பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்காதீர்கள். அரை நிமிடம் விட்டு அடுத்தது. மூன்று முறைக்குப் பிறகு நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

### கிளம்பி ஒரு நிமிடத்தில் நின்றுவிடுகிறது

ஆயில் அளவு, ரேடியேட்டர் தண்ணீர், டீசல் ஃபில்டர், அதன் அடியில் சேர்ந்த தண்ணீர். ஆயில் அழுத்தம் குறைவு என்று சென்சார் நிறுத்தினால் அந்த ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டக் கூடாது. சென்சாரின் விலை ஆயிரங்களில் இருந்தாலும் கிராங்க் போனால் இன்ஜினே போன மாதிரி.

### இன்ஜின் நன்றாக ஓடுகிறது, வோல்டேஜ் இல்லை

ஜெனரேட்டரிலேயே உள்ள பிரேக்கர் மேலே இருக்கிறதா என்று பார்த்து, ஆல்டர்னேட்டர் முனையில் அளந்து பாருங்கள். அங்கே 230 இருந்தால் கேபிள் அல்லது சேஞ்ச் ஓவர். சில வோல்ட் மட்டும் வந்தால் ஏ.வி.ஆர். (வோல்டேஜைச் சீராக வைக்கும் சர்க்யூட்) அல்லது அதன் ஃபியூஸ். முழுப் பூஜ்யம் என்றால் பல மாதம் ஓட்டாமல் வைத்ததில் உள்ளே இருந்த காந்தம் போயிருக்கும். பேட்டரி கொடுத்து ஃபீல்டைத் தூண்ட வேண்டும். துருவம் மாற்றிக் கொடுத்தாலோ ஏ.வி.ஆர்.ஐக் கழற்றாமல் கொடுத்தாலோ ஏ.வி.ஆர். போய்விடும், அதனால் இது மெக்கானிக்குக்கே.

### லோடு போட்டதும் திணறுகிறது, கரும்புகை

15 கே.வி.ஏ. ஜெனரேட்டர் ஒரு ஃபேஸுக்குச் சுமார் 21 ஆம்பியர்தான் தரும். நேரடி ஸ்டார்ட்டரில் 5 ஹெச்.பி. மோட்டார் கிளம்பும் கணத்தில் மட்டும் 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பெரிய மோட்டாரை முதலில் கிளப்பி, அது வேகம் பிடித்த பிறகு மற்றவற்றைப் போடுங்கள். விளக்கும் கம்ப்யூட்டரும் கடைசியில். மூன்று ஃபேஸிலும் லோடு சமமாகப் பிரிந்திருக்கிறதா என்று கிளாம்ப் மீட்டரில் பாருங்கள். லோடு சரியாக இருந்தும் புகை வந்தால் ஏர் ஃபில்டர். லோடில் 50 ஹெர்ட்ஸ், லோடில்லாமல் 51–52 இயல்பு. 48-க்குக் கீழே இறங்கினால் எதையாவது அணையுங்கள்.

வாரம் ஒரு முறை பத்துப் பதினைந்து நிமிடம், உண்மையான லோடோடு ஓட்டுங்கள். வெறுமனே ஓட்டினால் எரியாத டீசல் சைலன்ஸரில் ஆயிலாகத் தேங்கும். நிறுத்துவதற்கு முன் லோடை எடுத்து மூன்று நிமிடம் ஆற விடுங்கள்.

## அறிகுறி: ஈ.பி. பக்கம் தள்ளினால் மட்டும் ஒரு ஃபேஸ் இல்லை

மெயினில் மூன்றும் இருந்து சேஞ்ச் ஓவருக்குப் பின்னால் ஒன்று இல்லை என்றால் உள்ளே ஒரு காண்டாக்ட் கருகியிருக்கிறது. ஈ.பி., ஜெனரேட்டர் இரண்டையும் நிறுத்திவிட்டு மட்டுமே மூடியைத் திறக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நிறுத்தினால் மறு பக்கம் உயிரோடு இருக்கும். கருகிய காண்டாக்டை உப்புத்தாளால் தேய்த்து ஓட்டுவது இரண்டு வாரத் தீர்வு. ஸ்விட்சை மாற்றுங்கள், நான்கு முனை உள்ளதாக. நியூட்ரலும் மாற வேண்டும்.

சேஞ்ச் ஓவர் இல்லாமல், இரு பக்கமும் பிளக் வைத்த ஒயரால் ஜெனரேட்டரை ஏதோ ஒரு சாக்கெட்டில் சொருகி ஓட்டும் பழக்கம் இன்னும் சில கடைகளில் இருக்கிறது. மெயினை இறக்க மறந்தால் உங்கள் 230 வோல்ட் டிரான்ஸ்பார்மர் வழியாகப் பின்னோக்கிப் போய் 11,000 வோல்ட்டாக ஏறி, லைனில் வேலை செய்துகொண்டிருக்கும் மனிதரைக் கொல்லும். உங்கள் கடையில் அப்படி ஓர் ஒயர் இருந்தால் இன்றைக்கே வெட்டிப் போடுங்கள்.

## அறிகுறி: இன்வெர்ட்டர் முன்போல் நிற்கவில்லை

கணக்கை முதலில் போடுங்கள். 150 ஆம்பியர்-ஹவர், 12 வோல்ட் பேட்டரியில் இருப்பது 1,800 வாட்-ஹவர். கைக்கு வருவது சுமார் 1,400. 400 வாட் லோடுக்கு மூன்றரை மணி நேரம். புதிதாக ஒரு ஃபேனும் சிறு ஃப்ரீசரும் சேர்த்திருந்தால் பேட்டரியைக் குறை சொல்ல முடியாது.

லோடு மாறவில்லை என்றால் தண்ணீர் மட்டம். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்; குழாய் நீரும் ஆசிடும் வேண்டாம். பிறகு முனைகளின் பூப்பு, திருகு. அதன்பின் முழுச் சார்ஜில், லோடோடு வோல்ட் பாருங்கள். போட்ட சில நிமிடத்திலேயே 11-க்குக் கீழே விழுந்தால் ஒரு செல் செத்திருக்கிறது. ஹைட்ரோமீட்டரில் ஐந்து செல் 1.240-ஐ ஒட்டியும் ஒன்று மட்டும் 1.180-லும் நின்றால் அதுதான். ஒரு செல்லை மட்டும் மாற்ற முடியாது, பேட்டரிதான் மாற்ற வேண்டும். 24 வோல்ட் இன்வெர்ட்டரில் பழையதையும் புதியதையும் ஜோடி சேர்த்தால் பழையது புதியதையும் கெடுத்துவிடும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். மூடியைத் திறந்து பார்க்கும்போது அருகில் தீக்குச்சியோ பீடியோ கூடாது, சார்ஜாகும் பேட்டரியிலிருந்து வருவது ஹைட்ரஜன்.

## அறிகுறி: பில் போடும் கம்ப்யூட்டர் கரண்ட் போனதும் அணைந்துவிடுகிறது

சிறு யூ.பி.எஸ்.ஸில் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்று. இரண்டு மூன்று வருடம்தான் அதன் ஆயுள். பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும், யூ.பி.எஸ்.ஸைத் தூக்கிப் போடாதீர்கள். லேசர் பிரிண்டரை அதில் மாட்டியிருந்தால் முதலில் கழற்றுங்கள். அது சூடாகும் கணத்தில் யூ.பி.எஸ். தாங்காது.

ஈ.பி.யில் சரியாக இருந்து, ஜெனரேட்டர் ஓடும்போது மட்டும் யூ.பி.எஸ். விடாமல் கத்திக்கொண்டு பேட்டரியிலேயே நின்றால் கோளாறு யூ.பி.எஸ்.ஸில் இல்லை. ஜெனரேட்டரின் வோல்டேஜோ ஹெர்ட்ஸோ அலைகிறது. அதை அளந்து எழுதிவைத்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கார்டு மெஷினும் நெட் பெட்டியும் யூ.பி.எஸ்.ஸில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கம்ப்யூட்டர் எரிந்தும் நெட் பெட்டி அணைந்திருந்தால் கார்டில் பணம் வாங்க முடியாது. அந்தப் பெட்டிக்கென்றே 12 வோல்ட் குட்டி யூ.பி.எஸ். கிடைக்கிறது, வாங்கும்போது பழைய அடாப்டரின் வோல்ட், ஆம்பியர், பின் அளவு மூன்றையும் பார்த்து வாங்குங்கள்.